வாசகர் கேள்வி – பதில்: புதிய வைஃபை கார்டை ஏற்க மறுக்கும் லேப்டாப்

கேள்வி: பழைய திங்க்பேட் டி430 ஒன்றை வாங்கினேன். வைஃபை வேகம் போதாததால் இன்டெல் 7260 கார்டு மாட்டினேன். ‘1802’ என்ற எண்ணும், அனுமதியில்லாத நெட்வொர்க் கார்டு என்ற செய்தியும் வந்து அப்படியே நின்றுவிடுகிறது. கார்டு பழுதா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: கார்டு நன்றாகவே இருக்கும், கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். மின் இணைப்பையும் பேட்டரியையும் கழற்றிவிட்டுப் பழைய கார்டை மாட்டுங்கள், லேப்டாப் எழுந்துவிடும்.

2012-இல் வந்த இந்த வரிசையின் பயாஸுக்குள் (லேப்டாப்பை இயக்கியதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அனுமதிக்கப்பட்ட கார்டுகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. சில்லின் எண்ணோடு, லேப்டாப் நிறுவனத்துக்கென்று கார்டில் பதிந்த துணை எண்ணும் அதில் இருந்தாக வேண்டும். ஆன்டெனாவும் கார்டும் சேர்ந்தே வானொலி அலைச் சான்று பெற்றவை என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். எனக்கு இதில் உடன்பாடில்லை. பட்டியலில் உள்ள இன்டெல் 6205-ஐயே வெளிச்சந்தையில் வாங்கி மாட்டினாலும் துணை எண் வேறு என்று தள்ளிவிடுகிறது. அலை அதே அலைதானே! காசு கொடுத்து வாங்கியவர் தன் பொருளில் எதை மாட்டுவது என்று தானே தீர்மானிக்க வேண்டும்.

கார்டின் 20-ஆம் முனையில் டேப் ஒட்டச் சொல்வார்கள். அது வைஃபையை அணைக்கும் சிக்னலுக்கான வைத்தியம், 1802-க்கு உதவாது.

எளிய வழி, திங்க்பேட் தயாரிப்பாளரான லெனோவோவின் எஃப்ஆர்யு எண் (அந்நிறுவனத்தின் உதிரிபாக எண்) அச்சிட்ட 6205 கார்டைப் பழைய உதிரிபாகக் கடையில் தேடுவது. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கிடைக்கும். வீட்டு இணைப்புக்குப் பெரும்பாலும் அதுவே போதும். மாட்டும்போது சாம்பல் நிற ஆன்டெனா கம்பி கார்டில் 1 என்று குறித்த இணைப்பில், கறுப்பு 2-இல். விரல் நுனியால் நேராக அழுத்துங்கள். சாய்த்தால் கம்பி நுனியில் உள்ள சிறு வளையம் நசுங்கிவிடும். யுஎஸ்பி அடாப்டர் போதும் என்றால் பயாஸ் குறுக்கே வராது.

7260-தான் வேண்டுமென்றால் பட்டியலையே நீக்கிய பயாஸ் ஏற்ற வேண்டும். இந்த வரிசைக்கு ‘ஐவிரெயின்’ என்ற இலவசக் கருவி இருக்கிறது. முதலில் பயாஸைப் பழைய பதிப்புக்கு இறக்கச் சொல்லும். விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் இருந்தால் நிறுத்தி வையுங்கள், கோப்புகளை நகலெடுங்கள், பேட்டரி நிறைந்து சார்ஜரும் செருகியிருக்கட்டும். பாதியில் மின்சாரம் போனால் பயாஸ் சில்லில் கிளிப் மாட்டி, புரோகிராமர் என்ற கருவியால் எழுதித்தான் மீட்க முடியும். அதைச் செய்யத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லையென்றால் 6205-ஓடு நின்றுகொள்ளுங்கள்.

கேள்வி: என்னுடையது ஏஎம்டியின் ரைசன் பிராசஸர் உள்ள லேப்டாப். இன்டெல் ஏஎக்ஸ்201 வைஃபை கார்டு மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம். ஏஎக்ஸ்201-இன் வேலையில் ஒரு பகுதி இன்டெல் பிராசஸர் பக்கத்தில் நடக்கிறது. ரைசனில் செருகினால் பொருந்தும், வேலை செய்யாது. எந்த பயாஸ் மாற்றமும் இதற்கு உதவாது. ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 வாங்குங்கள்.