கணக்கும் ஸ்டாக்கும் கிளவுடிலா, அலுவலகக் கம்ப்யூட்டரிலா?

கேள்வி: நாங்கள் மொத்த விற்பனை செய்யும் சிறு நிறுவனம். பதினான்கு பேர் வேலை பார்க்கிறோம். ஓர் அலுவலகம், சற்றுத் தள்ளி ஒரு கிடங்கு. பில், ஸ்டாக், கணக்கு மூன்றுக்கும் அலுவலகக் கம்ப்யூட்டர் ஒன்றில் நிறுவிய மென்பொருளைத்தான் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறோம். விற்ற நிறுவனம் இப்போது கிளவுட் பதிப்புக்கு, அதாவது இன்டர்நெட் வழியாக வெளியே வேறொருவர் கம்ப்யூட்டரில் ஓடும் பதிப்புக்கு, மாறச் சொல்கிறது. காலம் முழுக்க மாதச் சந்தா கட்ட வேண்டுமே என்று எனக்குத் தயக்கம். நம் கணக்கு அடுத்தவர் கையில் இருக்கக் கூடாது என்கிறார் என் பங்குதாரர். கிடங்கில் இருப்பவர்களோ மாறினால் வேலை சுலபம் என்கிறார்கள். எங்கள் பகுதியில் இன்டர்நெட் அவ்வப்போது போய்விடும். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் இதற்குப் பதில் சொல்லிப் பாருங்கள். இன்று மதியம் அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளை காலை பில் போட முடியுமா? முடியும் என்றால், பேக்கப்பை எடுத்து வேறு கம்ப்யூட்டரில் ஏற்றி ஓடவைக்கப் போவது யார்? அவர் கடைசியாக எப்போது அதைச் செய்து பார்த்தார்?

ஒருவர் பெயரையும் ஒரு தேதியையும் உடனே சொல்ல முடிந்தால் நீங்கள் மாறியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சொல்ல முடியவில்லை என்றால் உங்களுக்குக் கிளவுட்தான் நல்லது. நான் முடிவெடுப்பது பெரும்பாலும் இந்த ஒன்றை வைத்துத்தான். மென்பொருளுக்குத் தினமும் செய்ய வேண்டிய காவல் வேலை ஒன்று உண்டு. பேக்கப் எடுப்பது, அது சரியாக எடுபட்டதா என்று பார்ப்பது, பாதுகாப்பு அப்டேட் வந்த வாரத்திலேயே போடுவது, பழுதானால் மீட்பது. கிளவுடில் இதில் பெரும்பகுதியைச் சந்தாவோடு சேர்த்து வாங்குகிறீர்கள். சொந்தக் கம்ப்யூட்டரில் அதை யாராவது செய்தாக வேண்டும். சிறு நிறுவனங்களில் அந்த 'யாராவது' பெரும்பாலும் யாருமில்லை.

உங்கள் பங்குதாரரின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கணக்கு நம் கட்டடத்துக்குள் இருந்தால் பத்திரம் என்ற எண்ணத்தைச் சற்று உரசிப் பார்க்க வேண்டும். 2021 மார்ச் 2 அன்று மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் சர்வரில் இருந்த ஓட்டைகளை அடைக்க அவசர அப்டேட் வெளியிட்டது. அதற்கு முன்பே தாக்குதல் தொடங்கியிருந்தது. உலகம் முழுக்கப் பல்லாயிரக்கணக்கான நிறுவனங்களின் சர்வர்களில் ஆட்கள் புகுந்துவிட்டார்கள். அடிபட்டவை எல்லாம் நிறுவனங்கள் தாங்களே வைத்து நடத்திய சர்வர்கள். அதே மைக்ரோசாஃப்டின் கிளவுட் மின்னஞ்சலில் அந்த ஓட்டை இல்லை.

இன்னொன்று உங்கள் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது. 2017 ஜூன் 27 அன்று பரவிய நாட்பெட்யா என்ற நாசகார நிரல், உக்ரைனில் கணக்கு, வரி வேலைக்குப் பலரும் பயன்படுத்திய எம்.இ.டாக் என்ற மென்பொருளின் அப்டேட் வழியாகத்தான் உள்ளே வந்தது. அலுவலகக் கம்ப்யூட்டரில் நிறுவப்பட்டிருந்த சாதாரணக் கணக்கு மென்பொருள்தான் அது. அங்கிருந்து நாடு தாண்டி, கப்பல் நிறுவனமான மர்ஸ்க் வரை போய் முடக்கியது. மர்ஸ்க் தன் உள் நெட்வொர்க்கை மீட்டெடுக்க உதவியது கானா நாட்டு அலுவலகத்தில் மின்வெட்டால் அணைந்திருந்த ஒரு சர்வர். நெட்வொர்க்கோடு இணைந்திருந்த மற்றப் பிரதிகள் அத்தனையும் போய்விட்டன. உங்கள் பேக்கப் டிஸ்க் எப்போதும் அதே கம்ப்யூட்டரில் செருகியபடியே இருக்கிறதா? அப்படியானால் அதைப் பேக்கப் என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

இதைச் சொல்வதால் கிளவுட் தானாகவே பத்திரம் என்று ஆகிவிடாது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில், கிளவுட் சேவை தரும் ஓவிஎச் நிறுவனம் தன் சர்வர்களை வைத்திருந்த டேட்டா சென்டர் ஒன்று எரிந்து போனது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் சிலர் இரண்டையும் இழந்தார்கள். 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் கிளவுட் நிர்வாகக் கணக்குக்குள் ஒருவன் புகுந்தான். பணம் கேட்டு மிரட்டினான். பிறகு தரவு, பேக்கப் என்று கையில் கிடைத்ததை எல்லாம் அழித்தான். அந்த நிறுவனம் கடையை மூடியது. தரவும் பேக்கப்பும் ஒரே சாவியில் திறந்ததுதான் அங்கே வினை.

ஆகவே எந்தப் பக்கம் போனாலும் நிர்வாகி கணக்கு, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள அந்த ஒரு லாகின், உங்கள் இருவர் கையில் இருக்க வேண்டும். நிறுவிக் கொடுத்த ஆளின் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்து, அவர் வேறு வேலைக்குப் போன பிறகு உள்ளே நுழைய முடியாமல் தவிக்கும் நிறுவனங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயரில் உள்ள மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். பாஸ்வேர்டோடு ஃபோனில் இரண்டாவது சரிபார்ப்பும் கட்டாயம் இருக்கட்டும். ஆளுக்கு ஒரு லாகின் கொடுங்கள். சந்தாவை மிச்சப்படுத்த நான்கு பேர் ஒரே லாகினைப் பகிர்ந்தால், ஒரு பில்லைத் திருத்தியது யார் என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

சரி, இன்டர்நெட். கிளவுட் பக்கம் இருக்கும் உண்மையான பலவீனம் இதுதான். விற்க வருபவர்கள் இதைச் சீக்கிரம் தாண்டிப் போவார்கள். உங்கள் லைன் போனால் சர்வர் எவ்வளவு நன்றாக ஓடினாலும் பயனில்லை. இரண்டு வேறு நிறுவனங்களின் இணைப்பு வையுங்கள். ஒன்று கேபிள், இன்னொன்று மொபைல் சிம் என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் போகும் வாய்ப்பு குறைவு. கணக்கு மென்பொருளுக்குப் பெரிய வேகம் வேண்டாம், அறுபடாமல் இருந்தால் போதும். ரூட்டருக்கும் யூ.பி.எஸ். கொடுங்கள். பலர் கம்ப்யூட்டருக்கு மட்டும் கொடுத்துவிட்டு ரூட்டரை மறந்துவிடுகிறார்கள்.

அதற்கும் மேலே, இன்டர்நெட் இல்லாதபோதும் பில் போட்டு, வந்தபின் தானாகச் சேர்த்துக்கொள்ளும் வசதி அந்த மென்பொருளில் உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் அங்கேயே நிறுத்தாமல் பில் எண் எப்படி ஓடும் என்றும் கேளுங்கள். அலுவலகத்தில் ஒருவரும் கிடங்கில் ஒருவரும் இணைப்பின்றிப் பில் போட்டால் இருவருக்கும் ஒரே எண் வந்துவிடக் கூடாது. நல்ல மென்பொருள் ஒவ்வொரு இடத்துக்கும் தனி எண் வரிசை கொடுக்கும். ஸ்டாக்கும் அப்படித்தான்: கடைசி ஒரு பெட்டியை இருவரும் விற்றுவிட்டால் என்ன காட்டும்? விற்பனையாளர் முன்னிலையில், வைஃபையை அணைத்துவிட்டு, இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

சேவை ஒப்பந்தத்தில் 99.9 சதவீதம் இயங்கும் என்று எழுதியிருப்பார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டே முக்கால் மணி நேரம் நின்றாலும் ஒப்பந்தம் மீறப்படவில்லை என்று அதற்குப் பொருள். 99.5 என்றால் சுமார் 44 மணி நேரம். மீறினாலும் பொதுவாக அடுத்த மாதச் சந்தாவில் கொஞ்சம் கழிப்பார்களே தவிர, நீங்கள் இழந்த வியாபாரத்துக்கு ஈடு கிடைக்காது.

செலவை ஒரு மாதச் சந்தாவை வைத்துப் பார்க்காதீர்கள். ஐந்து வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள். ஒரு பக்கம்: ஒரு லாகினுக்கான சந்தா, லாகின் எண்ணிக்கை, 60 மாதம் மூன்றையும் பெருக்கி, புதுப்பிக்கும்போது விலை ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுபக்கம்: லைசென்ஸ், ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம், கம்ப்யூட்டரை ஒருமுறையாவது மாற்றும் செலவு, யூ.பி.எஸ். பேட்டரி, பேக்கப் டிஸ்க், பழுது பார்க்க வருபவரின் கூலி. பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு லைசென்ஸ் விலையில் ஐந்தில் ஒரு பங்கு என்றாலே ஐந்து வருடத்தில் இன்னொரு லைசென்ஸ் வாங்கியதாகிவிடும். உங்கள் கம்ப்யூட்டர் இன்னும் விண்டோஸ் 10-ல் ஓடுகிறதா என்றும் பாருங்கள். அதற்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐ ஏற்காவிட்டால் அந்தச் செலவு இப்போதே வரும்.

இவ்வளவும் கூட்டிய பிறகும் கிளவுட்தான் அதிகம் என்று வரலாம். லாகின்கள் கூடக்கூட, வருடங்கள் போகப்போக, பல நேரம் அப்படித்தான் வரும். அந்த வித்தியாசத்தை ஒரு பராமரிப்பு ஆளுக்குக் கொடுக்கும் சம்பளமாக நினைத்து, அது தகுமா என்று யோசியுங்கள்.

அப்புறம், உங்களுக்கு விற்க வருவது நிஜமாகவே கிளவுட் மென்பொருள்தானா? அதே பழைய மென்பொருளை எங்கோ ஒரு வாடகை சர்வரில் நிறுவி, ரிமோட் டெஸ்க்டாப் (தூரத்துக் கம்ப்யூட்டரின் திரையை இங்கிருந்தே இயக்கும் வசதி) வழியாகத் திறக்கவைத்து, அதையும் கிளவுட் என்றே விற்பார்கள். கிடங்கிலிருந்து திறக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அப்டேட்டும் பேக்கப்பும் யார் பொறுப்பு என்ற கேள்வி அப்படியே நிற்கும். ரிமோட் டெஸ்க்டாப்பை நேரடியாக இன்டர்நெட்டுக்குத் திறந்து வைப்பதோ, பணம் பறிக்கும் கும்பல்கள் உள்ளே வர அதிகம் பயன்படுத்தும் வாசல்களில் ஒன்று. பிரவுசரில் திறக்குமா, எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே பதிப்புதானா, அப்டேட் போடுவது யார் என்று கேட்டால் விஷயம் தெரிந்துவிடும்.

வெளியேறும் வழியைக் கையெழுத்துப் போடும் முன்பே பாருங்கள். 2013 செப்டம்பரில் நிர்வானிக்ஸ் என்ற கிளவுட் சேமிப்பு நிறுவனம் மூடப்போவதாக அறிவித்தபோது, தரவை எடுத்துக்கொள்ள வாடிக்கையாளர்களுக்கு முதலில் கிடைத்த அவகாசம் இரண்டு வாரம் அளவுதான். பிறகு கொஞ்சம் நீட்டினார்கள். சொந்த சர்வரில் வைத்தாலும் இந்தக் கவலை விடாது. அட்லாசியன் என்ற மென்பொருள் நிறுவனம், வாடிக்கையாளர்கள் தங்கள் சொந்த சர்வரில் நிறுவிய பதிப்புகளுக்கான ஆதரவை 2024 பிப்ரவரி 15-ல் நிறுத்தியது. உங்களுக்கு விற்ற நிறுவனம் மாறச் சொல்வதும் அந்த வகைதான் போலிருக்கிறது. பழைய பதிப்புக்கு எந்தத் தேதி வரை அப்டேட் வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சோதனைக் காலத்திலேயே பத்து பில், இரண்டு சரக்குத் திருப்பம், ஒரு பகுதிப் பணவரவு பதிந்துவிட்டு, அத்தனையையும் சி.எஸ்.வி. அல்லது எக்செல் கோப்பாக இறக்கித் திறந்து பாருங்கள். தேதி, பில் எண், பொருள், அளவு, வரி, நிலுவை எல்லாம் தனித்தனிப் பத்தியாக வந்தால் நல்லது. பி.டி.எஃப். அறிக்கைகள் மட்டும்தான் வரும் என்றால் அந்த மென்பொருள் வேண்டாம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். சந்தாவை நிறுத்திய பின் எத்தனை நாள் தரவு இருக்கும், பார்க்க மட்டுமாவது விடுவார்களா என்பதையும் ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள்.

சொந்த சர்வரே சரி என்று நான் சொல்லும் இடங்களும் உண்டு. பெரிய வடிவமைப்புக் கோப்புகளையோ வீடியோக்களையோ நாள் முழுக்கத் திறந்து மூடும் வேலை, இயந்திரங்களோடு நேரடியாகப் பேசும் மென்பொருள், தரவு வெளியே போகக் கூடாது என்று சட்டமோ வாடிக்கையாளர் ஒப்பந்தமோ சொல்லும் தொழில், தங்கள் முறைக்கென்றே நிறைய மாற்றி எழுதிக்கொண்ட மென்பொருள். அங்கெல்லாம் பொறுப்பான ஓர் ஆளை வைத்து, கிளை அலுவலகத்தை வி.பி.என். (இன்டர்நெட்டில் வெளியார் பார்க்க முடியாத தனி இணைப்பு) வழியாக இணைத்து நடத்தலாம். நீங்கள் எழுதியதில் இவை எதுவும் தெரியவில்லை.

உங்களுக்கு என் ஆலோசனை: மாறுங்கள். இரண்டு இடத்தில் சரக்கும் பில்லும் இருக்கும்போது ஒரே ஸ்டாக் கணக்கை இருவரும் அந்தந்த நேரத்தில் பார்ப்பதே பெரிய லாபம். கிடங்கில் இருப்பவர்கள் சொல்வது சரிதான். இணைப்பின்றிப் பில் போடும் வசதி கட்டாயம் இருக்கட்டும். வாரம் ஒருமுறை முழுத் தரவையும் இறக்கி, இரண்டு டிஸ்க்கில் மாறி மாறி எழுதி, எழுதியவுடன் கழற்றி, ஒன்றைப் பங்குதாரர் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். அவர் கேட்பது கணக்கு தன் கையிலும் இருக்க வேண்டும் என்பது. அது நியாயமானது, இப்படிச் செய்தால் அது நடக்கும்.

மாறுவதை நிதியாண்டின் தொடக்கத்திலோ, முடியாவிட்டால் ஒரு மாதத் தொடக்கத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். பழைய வருடங்களின் ஒவ்வொரு பதிவையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். பொருள் பட்டியல், வாடிக்கையாளர் பட்டியல், தீராத பில்கள், இறுதி இருப்பு போதும். போகும் முன் ஒரே பொருள் மூன்று பெயரில் இருப்பதைச் சுத்தம் செய்யுங்கள். கிடங்கில் சரக்கை எண்ணி, எண்ணிய கணக்கையே தொடக்க இருப்பாகப் போடுங்கள். ஒரு மாதம் இரண்டிலும் பதியுங்கள். வேலை இரட்டிக்கும், பணியாளர்கள் முணுமுணுப்பார்கள், ஆனாலும் இதை விடாதீர்கள். மாத முடிவில் ஸ்டாக் மதிப்பு, வாடிக்கையாளர் நிலுவை, வங்கி இருப்பு மூன்றும் இரண்டிலும் ஒத்துப்போனால் பழையதில் பதிவதை நிறுத்தலாம்.

பழைய கம்ப்யூட்டரை உடனே விற்றுவிடாதீர்கள். நெட்வொர்க்கிலிருந்து கழற்றி, உங்கள் வரிச் சட்டம் பழைய கணக்குகளை எத்தனை வருடம் வைத்திருக்கச் சொல்கிறதோ அத்தனை வருடம் வையுங்கள். கழற்றும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: இன்டர்நெட் இல்லாமலும் பராமரிப்பைப் புதுப்பிக்காமலும் அந்த மென்பொருள் திறக்கிறதா? சில மென்பொருள்கள் லைசென்ஸை இணையத்தில் சரிபார்க்காமல் திறக்காது. அப்படிப்பட்டது என்றால், அது இன்னும் திறக்கும்போதே வருடவாரியாக லெட்ஜர், பில் பதிவேடு, ஸ்டாக் பதிவேடு மூன்றையும் எக்செல்லாகவும் பி.டி.எஃப்.ஆகவும் இறக்கி அந்த இரண்டு டிஸ்க்கிலும் சேர்த்துவிடுங்கள்.