வாசகர் கேள்வி: கொம்பு வண்டுக்கு மகனின் பெயர் வைக்கலாமா?

கேள்வி: மாரி மழை தொடங்கிய பிறகு எங்கள் வாசல் லைற்றுக்கு ஒரு சின்னக் கறுப்பு வண்டு வந்தது. தலையில் இரண்டு கொம்பு. மகன் பிடித்துப் போத்தலில் வைத்திருக்கிறான். இணையத்தில் எந்தப் படத்தோடும் ஒத்துப்போகவில்லை. புது இனமாக இருக்குமா? அவனுடைய பெயரை வைக்க முடியுமா? (வாசகி, உப்புவெளி)

பதில்: இருக்கலாம் சகோதரி, ஆனால் படத்தைப் பார்த்து யாராலும் அதைச் சொல்ல முடியாது. நீங்கள் சொல்கிற தோற்றம் சாணி வண்டுகளில் ஒந்தோஃபேகஸ் என்ற பேரினத்தை நினைவுபடுத்துகிறது, அந்த ஒரு பேரினத்தில் மட்டும் 2,000க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. போதாதற்கு, புழுவாக இருக்கும்போது நன்றாகத் தின்று வளர்ந்த ஆணுக்குப் பெரிய கொம்பு வரும், தீனி குறைந்ததற்குக் கொம்பு இருக்கிறதா என்றே தேட வேண்டியிருக்கும். இரண்டும் ஒரே இனம்தான். அதனால் கொம்பை மட்டும் நம்பிப் பெயர் வைக்கக் கூடாது.

ஆய்வாளர்கள் முக்கியமாகப் பார்ப்பது ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பை. காய்ந்த வண்டை வெந்நீரில் ஊறவைத்து, நுண்ணிய இடுக்கியால் அதை வெளியே எடுத்து, சின்ன அட்டையில் ஒட்டி, வண்டு குத்தியிருக்கிற அதே ஊசியில் அதன் கீழே சேர்த்து விடுவார்கள். ஊசியை வலது முன்சிறகில்தான் குத்துவார்கள், இடது பக்கம் சேதமில்லாமல் இருக்கட்டும் என்று. அப்புறம்தான் பெரிய வேலை: ஏற்கெனவே பெயர் பெற்ற இனங்களின் மூல மாதிரிகளோடு, அதாவது அந்தப் பெயரை முதலில் வைத்தபோது அடிப்படையாகக் கொண்ட அதே வண்டுகளோடு, ஒப்பிடுவது. வெள்ளையர் காலத்தில் இலங்கையில் பிடித்த வண்டுகள் பல இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கில்பர்ட் ஆரோ என்பவர் இந்தியா, இலங்கை, பர்மா வண்டுகளைப் பற்றி 1910, 1917, 1931 ஆகிய ஆண்டுகளில் எழுதிய மூன்று தொகுதிகளை இன்றைக்கும் புரட்டாமல் முடியாது. 1850களிலேயே ஒருவர் உங்கள் வண்டுக்குப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பழைய பெயர்தான் செல்லும்.

ஒன்றோடும் பொருந்தவில்லை என்றால் விவரித்து எழுதி வெளியிட வேண்டும். 1999க்குப் பிறகு வெளியாகும் பெயருக்கு மூல மாதிரி எது, அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று கட்டுரையில் சொல்லியே ஆக வேண்டும். மகன் பெயரா? தாராளமாக வைக்கலாம், ஆனால் விவரித்து எழுதுகிற ஆய்வாளர்தான் வைக்க வேண்டும். பிடித்துக் கொடுத்தவரைக் கௌரவித்துப் பெயரிடுவது அவர்களிடம் சாதாரண வழக்கம்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது ஒரு துண்டுக் கடதாசி எழுதி வைப்பது, அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுகிறது. இடம், திகதி, பிடித்தவர் பெயர், "லைற்றுக்கு வந்தது" என்ற குறிப்பு, இவ்வளவையும் பென்சிலால் எழுதிப் போத்தலுக்குள்ளேயே போடுங்கள், வண்டு கெடாமல் இருக்க ஊற்றும் ஸ்பிரிட்டில் பேனா மை கரைந்துவிடும். இந்தத் துண்டு இல்லாத வண்டு எவ்வளவு வடிவாக இருந்தாலும் ஆய்வுக்கு உதவாது. பிறகு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விலங்கியல் துறையிடமோ கொழும்பு தேசிய நூதனசாலையிடமோ கேளுங்கள். வெளிநாட்டுக்கு மட்டும் நீங்களாக அனுப்பிவிடாதீர்கள், அதற்கு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். புறாத்தீவு போன்ற தேசியப் பூங்காக்களில் பிடிப்பதற்கும் அப்படித்தான்.

கேள்வி: சாணி உருட்டும் வண்டும் தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டும் ஒரே குடும்பமா? (வாசகர், மூதூர்)

பதில்: ஆமாம். உணர்கொம்பின் நுனியைப் பாருங்கள், மெல்லிய தகடுகள் விசிறிபோல விரிந்து மூடும். இரண்டிலும் அது உண்டு. தென்னையின் இன்னொரு எதிரியான செவ்வண்டில் அது இல்லை, அது நீண்ட மூக்குள்ள கூன்வண்டுக் குடும்பம்.