கொடையும் வரியும் – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்று வீட்டு வரி, நில வரியால் வளர்ந்த கதையைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். பாராட்ட அதில் என்ன இருக்கிறது? வரி என்பது கட்டாயம். நம் முன்னோர் இந்தச் சிங்கப்பூரில் யாரும் வற்புறுத்தாமல் கையிலிருந்ததைக் கொடுத்துத் தமிழ்ப் பள்ளிகளை நடத்தினார்கள். அந்த மனம் பெரிதா, ஆண்டுக் கடைசியில் வீட்டுக்கு வரும் வரிக் கடிதம் பெரிதா? எனக்குப் பிள்ளைகள் இல்லை. என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் மதிப்பைக் கணக்கிட்டு யாரோ ஒருவரை ஆசிரியராக்குவது என்ன நியாயம்?

– ஒரு வாசகர், ஈசூன்

அன்புள்ள ஐயா,

முன்னோரைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லையும் மறுக்க மாட்டேன். 1946இல் கடையநல்லூர்க்காரர்கள் தொடங்கிய உமறுப் புலவர் பள்ளி, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டு 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி முன்னின்று நடத்திய 'தமிழ் எங்கள் உயிர்' நிதி, நன்யாங் பல்கலைக்கழகத்துக்காக ஒரு நாள் வருமானத்தையே கொடுத்த சீனத் திரிசக்கர வண்டிக்காரர்கள்: இவை இல்லாமல் இந்த ஊரின் கல்வி வரலாற்றை எழுத முடியாது.

ஆனால், கொடை எதற்கு வருகிறது, எதற்கு வருவதில்லை என்று பாருங்கள். கட்டடத்துக்கு வரும், நூலகத்துக்கு வரும், திறப்பு விழாவுக்கு வரும். ஆசிரியருக்குப் பாடம் நடத்தும் ஆசிரியரின் ஏழாம் ஆண்டுச் சம்பளத்துக்கு யாரும் உண்டியல் ஏந்தியதில்லை. பயிற்சிக் கல்லூரியின் செலவெல்லாம் அப்படிப்பட்ட செலவுதான். கண்ணுக்குத் தெரியாது, ஆண்டுதோறும் வேண்டும், பலன் வகுப்பறைக்கு வந்து சேரவே பல ஆண்டுகள் ஆகும்.

இண்டியானாவும் கொடையில்தான் தொடங்கியது. 1865இல் ஆசிரியர் பள்ளிக்குச் சட்டம் இயற்றியபோது, எந்த ஊர் நிலமும் பணமும் தருகிறதோ அங்கே கட்டலாம் என்று சட்டமன்றம் சொன்னது. டெர்ரா ஹோட் நகரம் 50,000 டாலரும் நிலமும் கொடுத்தது. 1870 ஜனவரியில் இருபது சொச்சம் மாணவர்களோடு வகுப்புகள் தொடங்கின. மாநிலத்தின் பொதுப்பள்ளிகளில் கற்பிப்பதாக உறுதி கூறும் இண்டியானாக்காரர்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. அதன் பிறகு இருபத்தைந்து ஆண்டுகள், பெரும்பாலும் சட்டமன்றம் ஒதுக்கும் மானியத்தை நம்பியே நிற்க வேண்டிய நிலை. சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் கூடும். அடுத்த கூட்டத்தில் என்ன கிடைக்கும் என்று தெரியாத பள்ளி நல்ல பேராசிரியரை எந்த நம்பிக்கையில் அழைக்கும்?

1895இல் இது மாறியது. மாநிலம் முழுவதும் சொத்து மதிப்பில் ஒவ்வொரு டாலருக்கும் ஒரு மில்லில் ஆறில் ஒரு பங்கு வரி விதித்து, அதை மூன்று உயர்கல்வி நிலையங்களுக்குப் பிரித்தார்கள். மில் என்பது டாலரில் ஆயிரத்தில் ஒன்று. ஆசிரியர் பள்ளிக்குக் கிடைத்தது மில்லில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 1,000 டாலர் சொத்துக்கு ஆண்டுக்கு ஐந்து சென்ட். நிலமும் வீடும் சேர்ந்து 2,000 டாலர் பெறும் ஒரு குடியானவர் கொடுத்தது பத்து சென்ட். இவ்வளவு சிறிய தொகையில் ஒரு கல்லூரி நிமிர்ந்ததுதான் என்னை அசைத்தது. ஒருவருக்கும் சுமையில்லை, ஆனால் ஆண்டு தவறாமல் வரும். மாநிலம் செழித்தால் பள்ளியின் வருமானமும் தானாக உயரும். 1913இல் விகிதத்தையும் கூட்டினார்கள். பள்ளியின் பங்கு 1,000 டாலருக்குப் பதினான்கு சென்ட் ஆனது.

உங்கள் பிள்ளைகள் பற்றிய கேள்விக்கு வருகிறேன். இந்த வரியைச் செலுத்தியவர்களில் ரயில் நிறுவனங்களும் உண்டு. 1891இல் இண்டியானா புதிய வரிச் சட்டம் கொண்டுவந்து ரயில்பாதைகளின் மதிப்பைப் பெரிதும் உயர்த்தியது. நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் 1894இல் தோற்றன. அடுத்த ஆண்டே இந்தக் கல்வி வரி வந்தது. ரயில் நிறுவனத்துக்கு எந்தப் பள்ளியில் பிள்ளை படித்தது? அந்த மண்ணில் சொத்து வைத்து அதன் மதிப்பு உயர்வதால் பயனடைபவர், அந்த மதிப்பை உண்டாக்கும் மக்களின் கல்விக்குக் கொடுக்க வேண்டும் என்பதே அங்கே இருந்த நியாயம். இது சரியான நியாயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஈசூனில் உங்கள் வீட்டின் மதிப்பும் உங்கள் உழைப்பால் மட்டும் உயர்ந்ததில்லை அல்லவா?

அதே மாநிலத்தில் மன்சி என்ற ஊரில் தனியார் ஆசிரியர் கல்லூரி ஒன்று மறுபடி மறுபடி தொடங்கி, மறுபடி மறுபடி நொடித்துப் போனது. கண்ணாடி ஜாடி செய்யும் பால் (Ball) சகோதரர்கள் 1917இல் அந்த இடத்தை வாங்கி மாநிலத்துக்கே கொடுத்துவிட்டார்கள். மறு ஆண்டு டெர்ரா ஹோட் பள்ளியின் கிழக்குக் கிளையாக அது திறக்கப்பட்டது. இன்று அது பால் மாநிலப் பல்கலைக்கழகம். கொடையாளிகள் வாங்கினார்கள், பொதுப்பணம் நிலைக்க வைத்தது. உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது.

குறை இல்லாமலும் இல்லை. நிலம் இருந்தும் கையில் காசில்லாத விவசாயிக்குச் சொத்து வரி கொடுமையானது. 1930களின் பெருமந்தத்தில் அது வெளிப்பட்டது. 1933இல் இண்டியானா வருமானத்தின் மீதும் வரி போடத் தொடங்கியது.

நம் ஊருக்கு வருவோம். காலனி ஆட்சியில் இங்கேயும் வீட்டு வரியோடு கல்வி வரி ஒன்று சேர்த்து வசூலிக்கப்பட்டது. இப்போது அப்படித் தனிக்கணக்கு கிடையாது. நீங்கள் செலுத்துவது அரசின் பொது வருவாயில் சேர்கிறது. 2025 முதல், சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு ஆண்டு மதிப்பில் (வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் கிடைக்கும் எனக் கணிக்கும் தொகையில்) முதல் 12,000 வெள்ளிக்கு வரியில்லை. அடுத்த 28,000 வெள்ளிக்கு 4 விழுக்காடு. ஆண்டு மதிப்பு 15,000 என்று வைத்துக்கொண்டால், தள்ளுபடிக்கு முன் 120 வெள்ளி.

1950இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டதும், அது 1973இல் கல்விக் கழகமாகி, 1991இல் தேசியக் கல்விக் கழகமாக நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததும் பொதுப்பணத்தால்தான். கொடையால் எழுந்த நம் தமிழ்ப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. உமறுப் புலவர் பள்ளியின் கடைசி ஆண்டு 1982. அந்த இழப்பு எனக்கும் வலிக்கிறது. மாணவர் குறைந்ததே முதன்மைக் காரணம் என்பதும் எனக்குத் தெரியும். இன்று தமிழாசிரியராக விரும்பும் இளைஞர் தேசியக் கல்விக் கழகத்தில் பயிலும்போதே கல்வி அமைச்சு அவருக்குச் சம்பளம் தருகிறது, கட்டணத்தையும் செலுத்துகிறது. பதிலுக்கு அவர் குறிப்பிட்ட ஆண்டுகள் பள்ளியில் பணியாற்ற ஒப்பந்தம் செய்கிறார். டெர்ரா ஹோட் மாணவர்கள் 1870இல் கொடுத்த உறுதிமொழியும் ஏறக்குறைய இதுதான். உங்கள் 120 வெள்ளியில் ஒரு பகுதி அவருக்குப் போகிறது, ஐயா.