வேட்டிக்கு முன்னால் விரல் மாறட்டும்

வணக்கம் நண்பரே. உங்கள் குறும்படத்தில் சாதுவான தம்பி கடைசிக் காட்சியில் திடீரென்று வெள்ளை வேட்டி சட்டையில் வந்து நிற்பது ஒட்டவில்லை, நடித்தவரே அப்படிச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெரிந்து, வேட்டி வருவதற்கு முன்பே அவன் உடம்பில் ஏதாவது மாறியிருக்க வேண்டும்.

‘காட்ஃபாதர்’ (1972) படத்தின் மருத்துவமனை வாசல் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். மாஃபியா தலைவரின் மகன் மைக்கேல், அடிபட்டுக் கிடக்கும் அப்பாவுக்குக் காவலாக நிற்கிறான். அப்பாவைக் கொல்ல வந்த கார் திரும்பிப் போனதும், கூட நின்ற பேக்கரிக்காரர் எஞ்சோ சிகரெட் பற்றவைக்கப் பார்க்கிறார், கை நடுங்குகிறது. மைக்கேல் லைட்டரை வாங்கிப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டுத் தன் கையைப் பார்க்கிறான். துளி நடுக்கம் இல்லை. தங்கை கல்யாணத்துக்கு ராணுவ உடுப்பில் வந்து, குடும்பத்தோடு ஒட்டாமல் உட்கார்ந்திருந்தவன் அவன். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் மூச்சு நின்றுவிடும். கறுப்புக் கோட்டும் தொப்பியும் வெகுநேரம் கழித்துத்தான் வருகின்றன, அதனால்தான் வேஷமாகத் தெரிவதில்லை.

உங்கள் தம்பி பேசும்போதெல்லாம் சட்டைப் பொத்தானைத் திருகுகிறான் என்று சொன்னீர்களே, அருமையான விஷயம். அதை விட்டுவிடாதீர்கள். அண்ணன் அடி வாங்கும் காட்சியில் அந்த விரல் அசையாமல் இருக்கட்டும், கேமரா இரண்டு நொடி அங்கேயே நிற்கட்டும். அப்புறம் வேட்டி கட்டிக்கொண்டு வரட்டும், சரியாக இருக்கும்.