ஒரு வீட்டில் மூவர், மூன்று சட்ட நிலை

கேள்வி: எங்கள் பெற்றோர் 1984-இல் இலங்கையின் மன்னாரிலிருந்து படகேறி இராமேசுவரம் வந்தவர்கள். நான் 1986-இலும் என் தம்பி 1992-இலும் பாளையங்கோட்டை அரசு மருத்துவமனையில் பிறந்தோம். இப்போது கோபாலசமுத்திரம் அகதிகள் முகாமில் வசிக்கிறோம். என் கணவரும் முகாமைச் சேர்ந்தவரே. மகள் 2010-இல் பிறந்தாள். எங்களுக்கு இந்தியக் குடியுரிமை உண்டா?

– ஒரு வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: ஒரே வீட்டில் வசிக்கும் உங்கள் மூவருக்கும் மூன்று விதமான விடை சொல்ல வேண்டியிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் அயல்நாட்டவராயினும், பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். எனவே குடியுரிமை தங்களுக்கு ஏற்கெனவே உண்டு. அதை மெய்ப்பிப்பதே மீதமுள்ள வேலை. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு, இதே காரணத்தைக் காட்டி, இந்தியக் கடவுச்சீட்டு வழங்குமாறு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. பிறப்புச் சான்றிதழையும் பெற்றோரின் முகாம் பதிவு ஆவணங்களையும் திரட்டிக்கொள்ளுங்கள். இலங்கைக் குடியுரிமை கோரும் எந்தப் படிவத்திலும் வழக்கறிஞரைக் கேளாமல் கையெழுத்திடாதீர்கள். வேறொரு நாட்டின் குடியுரிமையை விரும்பி ஏற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும்.

தம்பியின் நிலை வேறு. 1987 ஜூலை முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருக்க வேண்டும். உங்கள் பெற்றோர் இருவரும் இலங்கையர் என்பதால் தம்பிக்கு அந்த உரிமை இல்லை. ஆனால் அவர் இலங்கைத் தந்தையின் மகன் என்ற முறையில், சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைக் காலங்கடந்தேனும் பதிவு செய்யலாம். எந்த நாட்டுக் காகிதமும் இல்லாமல் இருப்பதைவிட அது மேலானது. ஊர் திரும்பவும் அது உதவும்.

மகள் 2004 டிசம்பருக்குப் பின் பிறந்தவள். தாய் இந்தியராக இருந்தாலும், தந்தை 'சட்டவிரோதக் குடியேறி' ஆகாதிருந்தால்தான் அவளுக்குப் பிறப்புரிமை உண்டு. உரிய பயண ஆவணமின்றி இந்தியாவுக்குள் நுழைந்த அயல்நாட்டவரைச் சட்டம் அந்தப் பெயரால் குறிக்கிறது. தங்கள் கணவரும் இங்கேயே பிறந்தவரென்றால், எல்லையைத் தாண்டியே வராத ஒருவரை 'நுழைந்தவர்' என்பது எப்படிப் பொருந்தும்? இந்த வாதத்தை நீதிமன்றத்தில் வலுவாகவே வைக்கலாம் என்பது என் கருத்து.

அண்டை நாடுகளிலிருந்து வந்த சமயச் சிறுபான்மையினருக்குக் குடியுரிமை பெற வழி தந்த 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்களித்தது. கைது அச்சம் அதனால் நீங்கும். ஆனால் குடியுரிமை வராது. போருக்குத் தப்பி வந்து, அரசே பதிவு செய்து, பணக்கொடையும் கொடுத்துக் காத்த மக்களைச் சட்டவிரோதிகள் என்று அழைப்பதை நாடாளுமன்றம் ஒரு திருத்தத்தால் நிறுத்த வேண்டும்.

அதுவரை, குடியுரிமையை உறுதிசெய்யக் கோரும் தங்கள் விண்ணப்பத்தோடு மகளின் விண்ணப்பத்தையும் கொக்கிரகுளத்தில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் அளித்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டைத் தவறாமல் வாங்கிக்கொள்ளுங்கள். மறுப்பு வந்தால், மதுரைக் கிளையில் முதலில் கேட்கப்படுவது அந்தச் சீட்டுத்தான்.