கிந்தனார் ஏறிய ரயில்

வணக்கம் சார்,
போன வாரம் டிவியில் கலைவாணர் காமெடி போட்டார்கள், குடும்பத்தோடு பார்த்தோம். அந்தக் காலத்தில் சிரிப்பு சிரிப்பாக மட்டும் இருந்தது. இப்போது காமெடியன் வாயைத் திறந்தாலே அரசியல். சினிமாவை சினிமாவாக விடக் கூடாதா?
ஒரு வாசகர், கோவில்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் பார்த்தது டிவிக்காரர்கள் நறுக்கிப் போட்ட துண்டு. 1949-ல் வந்த ‘நல்லதம்பி’யை எழுதியவர் அண்ணா, தி.மு.க. தொடங்கியதும் அதே வருஷம்தான். அந்தப் படத்தில் என்.எஸ்.கே. (உங்கள் கலைவாணர்தான்) கிந்தனார் காலட்சேபம், அதாவது பாட்டோடு கதை சொல்வது, செய்வார். நந்தனார் சரித்திரத்தின் அதே தோரணை, அதே இழுப்பு. ஆனால் சாதியால் ஒதுக்கப்பட்டும் சிவனைப் பார்க்கச் சிதம்பரம் போகத் துடித்த நந்தனுக்குப் பதிலாக, பட்டணம் போய்ப் படிக்கத் துடிக்கும் கிந்தன். நந்தன் நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது, இவனை ரயில் சாதி கேட்காமல் ஏற்றிக்கொள்கிறது. இதிலிருந்து அரசியலை உருவிவிட்டால் சிரிக்க என்ன மிச்சம் இருக்கும், சொல்லுங்கள்?

1952-ல் அவரே இயக்கிய ‘பணம்’ படத்தில் ‘தீனா மூனா கானா’ என்று ஒரு பாட்டு. என்னய்யா அது என்றால், திருக்குறள் முன்னணிக் கழகமாம்! எந்தக் கழகம் என்று தியேட்டரில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். கட்சி விளம்பரம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்தத் திருட்டுமுழிக்குச் சிரித்துவிடுகிறோம். (இதே மனிதர்தான் நாகர்கோவிலில் காந்திக்கு நினைவுத்தூண் எழுப்பியவர். ஒரு கட்சிப் பெட்டியில் போட்டு மூட முடியாத ஆள்.)

எம்.ஆர்.ராதா கதை தெரியுமே. அவர் ராமாயணத்தைக் கிண்டலடித்து நாடகம் போட்டுக்கொண்டிருந்த 1954-ல்தான் இங்கே நாடகங்களைக் கட்டுப்படுத்தப் புதுச் சட்டமே வந்தது. வெறும் சிரிப்பு என்றால் அரசாங்கம் எதற்கு அவ்வளவு மெனக்கெடப் போகிறது?

சரி, உங்கள் எரிச்சலிலும் நியாயம் இருக்கிறது. ஏற்கெனவே வாட்ஸப்பில் சுற்றி அலுத்த வரியைத் திரையில் ஒருவர் ஒப்பிக்க, பக்கத்தில் நிற்பவர் கைதட்டுகிறார், அதற்குப் பெயர் அரசியல் காமெடி என்கிறார்கள். எனக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. ‘நல்லதம்பி’யிலேயே மதுவிலக்கு உபதேசம் ஆரம்பித்ததும் நான் நெளிவேன், கலைவாணராக இருந்தாலும் உபதேசம் உபதேசம்தான்.

அடுத்த முறை கிந்தனாரை முழுசாகப் போட்டுப் பாருங்கள். நந்தன் யார் என்று பிள்ளைகள் கேட்பார்கள், அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுங்கள்.