பழைய கேக் குறிப்பில் வரும் ‘ஸ்வீட் மில்க்’

வணக்கம். பழைய அமெரிக்க கேக் குறிப்பில் ‘ஸ்வீட் மில்க் ஒரு கப்’ என்று இருக்கிறது, கண்டென்ஸ்டு மில்க் ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து ஊற்றாதீர்கள். அது சாதாரணப் பால்தான். ஃபிரிட்ஜ் பரவாத காலத்தில் பால் சீக்கிரம் புளித்துவிடும். புளித்த பாலையும் வீணாக்காமல் கேக்குக்குப் பயன்படுத்தினார்கள். அதனால் புளிக்காததை ‘ஸ்வீட்’ என்று பிரித்துச் சொன்னார்கள். மாவு உப்புவதற்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். புளித்த பாலின் அமிலம் சமையல் சோடாவோடு சேர்ந்தால் வாயு வரும். உங்கள் குறிப்பில் இருப்பது பேக்கிங் பவுடர். அமிலம் அதிலேயே உண்டு, மோர் எதுவும் சேர்க்க வேண்டாம்.

அடுத்த வரியில் உள்ள ‘ஸ்வீட் பட்டர்’ பெரும்பாலும் உப்பில்லாத வெண்ணெய். ஆனால் கடையில் ‘ஸ்வீட் கிரீம் பட்டர்’ என்றிருந்தால், புளிக்கவைக்காத கிரீமில் எடுத்தது என்றுதான் பொருள். அதில் உப்பு இருக்கலாம், உறையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சைவம் என்று எழுதியிருப்பதால் இன்னொன்று: அந்தப் புத்தகத்தில் ‘ஸ்வீட்பிரெட்’ வந்தால் அது ரொட்டி இல்லை. கன்று, ஆட்டுக்குட்டியின் தைமஸ் சுரப்பி அல்லது கணையம்.